சிலுவையில் குறைந்த வெள்ளிமணி

எங்கள் முல்லைத்தீவுக் கரையில் அந்த நாளில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுக்கும் பிள்ளை நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. பெரியவரோ சின்னவரோ, தின்றுவிட்டு நன்மை வாங்கினால் நேரே நரகம் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். எட்டு வயதில் நரகத்தை நான் முழுமனதாக நம்பினேன். என் கைக்குத்தான் அந்த நம்பிக்கை போதவில்லை.

கருவாட்டு லொறியில் யாழ்ப்பாணம் போன ஐயா, வெள்ளி பூசிய சீனி மணிகள் ஒரு டப்பா வாங்கி வந்திருந்தார். கல்யாணமாகாத சின்னம்மா அவற்றை ஒவ்வொன்றாக என் புதுநன்மைக் கேக்கின்மேல் சிலுவையாகப் பதித்திருந்தார். விடிகாலையில் வெள்ளை உடுப்போடு அதைப் பார்க்கப் போனேன். அடியில் ஒரு மணி தளர்ந்திருந்தது. தொட்டேன், கழன்றது. அடுத்த கணம் வாய்க்குள் இருந்தது.

பின்னால் சின்னம்மா நின்றார். பயத்தில் விழுங்கிவிட்டேன்.

"விழுங்கிப்போட்டியோ?"

"இல்லைச் சின்னம்மா, துப்பிப்போட்டன்."

அம்மா இதை நம்பியிருக்க மாட்டார். சின்னம்மா நம்பினார். என் உதட்டைத் துடைத்துவிடுவதற்குள் அம்மா வந்து குழியைக் கண்டுவிட்டார்.

"ஆரடி இதிலை கை வைச்சது?"

"நான்தான் அக்கா. கழண்டு கிடந்தது, நினைப்பில்லாமல் வாயிலை போட்டிட்டன்."

"விசரி! இண்டைக்கு உனக்குப் பேசின மாப்பிள்ளையின்ரை தாயும் பூசைக்கு வாறா. குமர்ப்பிள்ளை நீ நன்மைக்குப் போகாட்டில் என்ன பாவம் செய்தாளோ எண்டெல்லோ அவா நினைப்பா?"

சின்னம்மா குனிந்து என் உடுப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார். நான் அவர் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

கோவிலில் என் முறை நெருங்கியது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். இரண்டு பக்கமும் பிள்ளைகள், முன்னால் சுவாமியார். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். நிலம் பிளக்கவில்லை.

திரும்பி வரும்போது பெண்கள் எல்லோரும் நன்மை வாங்க எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். சின்னம்மா மட்டும் முழங்காலிலேயே இருந்தார். மாப்பிள்ளையின் தாய் நின்று, அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர், தனக்கு வைத்த கேக்குத் துண்டைத் தொடவில்லை. "தலையிடி" என்று எழும்பிப் போனவர் பிறகு வரவேயில்லை. அந்தச் சம்பந்தமும் அத்தோடு நின்றது. சின்னம்மாவுக்கு வேறு ஒன்றும் சரிவரவில்லை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாப்பிள்ளையின் தாய் விட்டுப்போன துண்டில் மூன்று வெள்ளிமணிகள் இருந்தன என்பதுதான். சின்னம்மா அதை எடுத்து என் கையில் வைத்தார். மூன்றையும் நானே தின்றேன்.