சரிவில் உட்கார்ந்திருந்தவர்

பாகூர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் சக்கர நாற்காலி பழுதுபார்ப்பவரின் கையை நான் உடைத்தேன்.

வழுக்கைத் தலை, கிரீஸ் படிந்த காக்கிச் சட்டை. சரிசெய்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, சரிவுப் பாதையில் உருண்டு பிரேக்கைச் சோதிப்பது அவர் வழக்கம். அது எனக்குத் தெரியாது. கால் முறிந்த என் மனைவி சக்கர நாற்காலிக்காகக் காத்து, பெஞ்சில் துடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, சவாரி போறியா?" என்று கத்தியபடி நாற்காலியைப் பின்னாலிருந்து உதைத்தேன். சுவரில் மோதி விழுந்தார். மணிக்கட்டு முறியும் சத்தம் கேட்டது. அப்படியும் அறைந்தேன்.

"பெஞ்சுல இருக்கற அம்மாவுக்குத்தான் சார் இந்த வண்டி. பிரேக் புடிக்குதான்னு பாத்தேன்" என்றார்.

கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கைக்கு ஸ்பேனரை இறுக்கும் பலம் வரவில்லை. வேலை போய்விடும் நிலை. தினமும் போய் நானே போல்ட்டுகளை முடுக்குகிறேன். அவர் தடுக்கவில்லை. உருளப்போகும்போது மட்டும் சொல்வார்:

"பின்னாடி நிக்காதீங்க சார். என் கண்ணுக்குத் தெரியற மாதிரி முன்னாடி வந்துடுங்க."