இரும்புக் கழுதையும் சர்பத் கிளாஸும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வாயும் அதற்குத் தோதாக முந்திக்கொள்ளும். அந்தக் கோபத்தால் வந்த வினையைத் தீர்க்கப் போய்த்தான் மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டேன். எங்கள் கரையில் துப்பட்டி போட்ட பெண்களில் அந்த வேலை தெரிந்தவள் அந்நாளில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். கல்யாணமாகித் தொண்டியில் இருந்தேன். மச்சானுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஊர் ஊராகப் போய்த் தையல் மிஷின் பழுது பார்க்கும் வேலை. சைக்கிள் மிதித்துக் கால் ஓய்ந்துபோய், சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தார். அதன் பின்னால் முதல் தடவை ஏறி உட்கார்ந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. உப்புக்காற்று முகத்தில் அடிக்க அடிக்கச் சிரித்துக்கொண்டே போனேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவும் முடியாமல் சிரித்தேன்.

அந்த வண்டியில்தான் கீழக்கரையில் இருக்கும் என் தாய்வீட்டுக்குப் போனோம். வாப்பா கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் பாய்த்தோணியின் தண்டேல். தோணியில் அவர் சொல்வதுதான் சட்டம், வீட்டிலும் அப்படியே. வாசலில் நின்ற வண்டி சொட்டுச் சொட்டாகப் பெட்ரோலை ஒழுக்கிக்கொண்டிருந்தது. வாப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"மாப்பிள்ளை, இந்த இரும்புக் கழுதையில என் மகளை ஏத்திக்கிட்டு ஊரெல்லாம் சுத்தாதீக."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"உங்க மரக்கழுதைக்கு இது எவ்வளவோ மேல் வாப்பா! காத்து இல்லாட்டி உங்க கழுதை ஒரு சாண் நகருமா?"

தோணியைச் சொன்னால் வாப்பாவின் ஈரலைப் பிடுங்கினது மாதிரி. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு சலாம்கூடச் சொல்லாமல் வண்டியில் ஏறிவிட்டேன். ராமநாதபுரம் தாண்டும்போதே அழுகை வந்துவிட்டது. திரும்பிப் போக ரோஷம் விடவில்லை.

அப்படியே மூன்று மாதம் ஓடிற்று. அதற்குள் வண்டியும் படுத்துவிட்டது. கார்புரேட்டருக்குள் ஒரு சின்ன அறை உண்டு. அதில் பித்தளை மிதவை ஒன்று, அதன் நடுவே ஓர் ஊசி. பெட்ரோல் நிறைய நிறைய மிதவை ஊசியையும் தூக்கிக்கொண்டு எழும்பி, பெட்ரோல் வரும் வழியை ஊசி அடைத்துவிட வேண்டும். எங்கள் மிதவையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்து, உள்ளே பெட்ரோல் புகுந்து, அது மூழ்கிக் கிடந்தது. வெந்நீரில் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். உள்ளே இருந்ததை வடித்து, நன்றாகக் காய வைத்து, ஈயம் வைத்து அடைத்தார் மச்சான். ஈயம் ஏறியதால் மிதவை கனத்துப் போயிற்று. ஆகவே ஊசியில் மிதவையைப் பிடித்திருக்கும் கிளிப்பை வேறு உயரத்தில் மாட்ட வேண்டும். பெட்ரோல் மட்டத்துக்கு மேலே ஊசி நாலு நூல், அதாவது அரை அங்குலம் நிற்க வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது.

"பெட்ரோலை எதுக்கு வீணாக்கணும்? தண்ணியில மிதக்கவிட்டுப் பாருங்க" என்று யோசனை சொன்னது நான்தான். தோணி ஓட்டுகிறவர் வீட்டுப் பெண் அல்லவா, மிதப்பது என்றால் தண்ணீர்தான் எனக்கு! வாப்பா கொழும்பிலிருந்து என் கல்யாணத்துக்கு வாங்கி வந்த சர்பத் கிளாஸில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி மிதவையை விட்டோம். அரத்தால் ஊசியில் காடி, அதாவது சின்னப் பள்ளம், வெட்டிக் கிளிப்பை மாட்டினார். சொல்லி வைத்த மாதிரி நாலு நூல் நின்றது. வண்டியில் பொருத்தினால் முன்னைவிட மோசமாகப் பெட்ரோல் பொங்கி வழிந்தது. பத்து நாள் கழற்றினோம், மாட்டினோம். தண்ணீரில் நாலு நூல், வண்டியில் பொங்கல்.

ஒரு வியாழக்கிழமை விடிந்ததும் மீன் லாரிக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, வாடைக்காத்து நல்லாப் பிடிச்சிருச்சு. உங்க வாப்பா இன்னைக்கு மத்தியானம் லுஹர் தொழுததும் பாய் எடுக்குறாகளாம். உங்க உம்மா சொல்லச் சொன்னாக."

லாரி வடக்கே போகிறது, எங்களை ஏற்றிக்கொள்ள வழியில்லை. முதல் பஸ் போய்விட்டது. அடுத்ததில் ராமநாதபுரம் போய் மாறி, கீழக்கரை சேரச் சாயங்காலம் அஸர் நேரம் ஆகிவிடும். முந்தின வருஷம் கொழும்புக்குப் போன தோணி ஒன்று இன்றுவரை திரும்பவில்லை. சலாம் சொல்லாமல் முகம் திருப்பிக்கொண்டு வந்தவள் நான். யா அல்லா, அதுவே கடைசியாக இருந்துவிட்டால்?

"மச்சான், வண்டிய எடுங்க."

"எங்க எடுக்கச் சொல்ற? மிதிச்சா பெட்ரோல்தான் ஊத்தும்."

"அப்ப கழட்டுங்க!"

திரும்பவும் சர்பத் கிளாஸ், திரும்பவும் தண்ணீர், திரும்பவும் சொல்லி வைத்த மாதிரி நாலு நூல். மச்சானுக்குக்கூடப் பொறுமை போயிற்று.

"என்னதான் புள்ளே இதுக்கு நோக்காடு? இங்கன சரியா நிக்குது, அங்கன முங்குது!"

இங்கே நிற்கிறது, அங்கே முங்குகிறது. அதைக் கேட்டதும் எனக்கு வாப்பா தோணியில் சரக்கேற்றும் காட்சி கண்ணில் வந்தது. கொழும்புக்கு என்றால் தோணியின் பக்கத்தில் போட்டிருக்கும் கோடு தண்ணீரைத் தொடும்வரை ஏற்றுவார். ஆற்று முகத்துவாரத்துக்குள் இருக்கும் துறைக்கு என்றால் கோட்டுக்கு வெகு முன்னாலேயே நிறுத்திவிடுவார். சரக்குக்காரர்கள் கத்துவார்கள். "கடல் தண்ணி தூக்கிப் பிடிக்கும், ஆத்துத் தண்ணி கீழே விட்டுரும். ஆத்துல நுழைஞ்சா தோணி தானா தாழும்" என்பார்.

"மச்சான்!" நான் போட்ட கூச்சலில் அவர் அரத்தைக் கீழே போட்டுவிட்டார். "நம்ம கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாத உப்பு! பெட்ரோல் ஆத்துத் தண்ணிய விட லேசு! அதுல மிதவை இன்னும் தாழுமா தாழாதா?"

எனக்குப் பேச்சுக்கு நேரமில்லை. கிளாஸைக் கவிழ்த்துத் துடைத்து, டாங்கியிலிருந்து பெட்ரோல் பிடித்து ஊற்றினேன். அருமைக் கொழும்புக் கிளாஸ், போகட்டும்! மிதவையை விட்டோம். ஊசி இறங்கி, இரண்டே நூல்தான் வெளியே நின்றது. பத்து நாளாக எங்களை ஏமாற்றியது அந்த இரண்டு நூல். சந்தோஷத்தில் மச்சானின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தேன்.

"கூறு கெட்டவளே, வலிக்குது!" என்றார். ஆனால் அவர் வாயெல்லாம் பல்.

ஊசியில் இரண்டு நூல் கீழே புதுக் காடி வெட்டினார். மிதவை இறங்கி மாட்டினால் ஊசி அந்த அளவு உயர்ந்து நிற்கும், வழியைச் சீக்கிரம் அடைக்கும். பொருத்திப் பெட்ரோலைத் திறந்தோம். நான் மண்டியிட்டு அடியில் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. அவர் ஒரு மிதி மிதித்தார், இரண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! பக்கத்து வீட்டுக் கோழிகளெல்லாம் கூரை ஏறிவிட்டன.

துப்பட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினேன். ரோடா அது? பாதி மணல், பாதி பள்ளம். தேவிபட்டினம் வருவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. "வேகமா, வேகமா" என்று நான் நச்சரிக்க, "இறக்கி விட்டுருவேன்" என்று அவர் மிரட்ட, ராமநாதபுரத்தையும் தாண்டினோம். கீழக்கரைக்குள் நுழையும்போது லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

நேரே கடற்கரைக்கு விடச் சொன்னேன். தோணி ஆழத்தில் நின்றது, பாய் பாதி ஏறியிருந்தது. ஆளேற்றும் சின்ன வத்தை கரையோரம் காத்துக்கிடக்க, வாப்பா முழங்கால் தண்ணீரில் நின்று அதில் ஏறப் போனார். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். நான் குதித்து, மணலில் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா" என்றேன். மன்னிப்புக் கேட்க வந்தவள்தான். ஆனால் வாயில் வந்ததெல்லாம் மிதவை, ஊசி, சர்பத் கிளாஸ், இரண்டு நூல்!

வாப்பா முழுவதையும் கேட்டார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"உப்புத் தண்ணியில அளவு வச்சியா? தண்டேல் மகளாடி நீ?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அன்னைக்கு அப்படிப் பேசினது தப்பு வாப்பா. மன்னிச்சிருங்க."

அவர் தண்ணீரைவிட்டு ஏறி வந்தார், கைலியை மடித்துக் கட்டினார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று மச்சான் வண்டியைவிட்டு இறங்காமலே பார்த்திருந்தார். வாப்பா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க மாப்பிள்ளை, ஒரு சுத்து."

காற்றுக்காக யாரையும் காக்க வைப்பவரே தவிர, யாருக்காகவும் காற்றைக் காக்க வைத்தவர் இல்லை அவர். வத்தையில் இருந்தவர்கள் பதறிப்போனார்கள்.

"தண்டேல் காக்கா! காத்து விழுந்துரும், வாங்க!"

வண்டி கிளம்பிவிட்டது. வாப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவர்களுக்குக் கத்தினார்.

"விழுந்தா விழட்டும்லே! இந்தக் கழுதைக்குக் காத்து வேண்டாம்ல!"