ஆடு தின்னாத வேலி

மலையாள நாட்டை விட்டுத் தாய்த்தமிழகத்தோடு இணைவோம் என்று எங்கள் ஊர் மேடைகள் முழங்கிய காலத்தில் எனக்கு வயது ஒன்பது. பள்ளிப் பேச்சுப் போட்டியில் வென்ற கோப்பை அலமாரியில் இருந்தது. வென்ற செருக்கு நாவில் இருந்தது. எதிர்த்துப் பேச ஆள் கிடைக்காத நாட்களில் அம்மையோடு வாதிடுவேன்.

திருவட்டாற்றில் புதிதாகக் கட்டிய வீட்டின் முன் அப்பா பூந்தோட்டம் போட்டார். செம்பருத்தியையும் பிச்சியையும் அயல்வீட்டு ஆடுகள் அடியோடு மேய்ந்தன. ஆடு எதைத் தின்னாதோ அதை வேலியாக வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா மஞ்சள் அரளிக் கன்றுகளோடு வந்தார். தவழத் தொடங்கியிருந்த என் தங்கையை இடுப்பில் வைத்தபடி அம்மை மறித்தாள்.

“ஆடு திங்காததுக்கு ஒரு காரணம் இருக்கும்லா? நாளைக்கி இந்தப் பிள்ள எடுத்து வாயில வச்சா என்ன செய்யதுக்கு?”

அப்பா தயங்கினார். அந்தத் தயக்கத்தில்தான் நான் நுழைந்தேன். வாசற்படியில் ஏறி நின்று, அவையோரை விளித்து, பூசைக்குப் பூ, வேலிக்கு அடர்த்தி, நீர் வார்க்காமலே வளரும் பண்பு என்று அரளியின் பெருமைகளை அடுக்கினேன். “ஆட்டுக்கே தெரிவது மனிதக் குழந்தைக்குத் தெரியாதா?” என்று கைநீட்டி முடித்தேன்.

வந்திருந்த மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். “பய வக்கீலு மாதிரில்லா பேசுகான். அக்கா, நீ தோத்தாச்சு.”

அம்மைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “இவன் வாயில விழுந்து எந்திரிக்க யாருக்கு முடியும்?” என்று வழிவிட்டாள்.

மூன்றாம் ஆண்டில் அரளி காய்த்தது. தேங்காய்ச் சிரட்டையில் சோறாக்கி விளையாடிய தங்கைக்கு அந்தக் காய்களே கறியாயின. பொம்மைக்கு ஊட்டியவள் தானும் உண்டாள். நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வில்வண்டியில் விரைந்தார்கள். பாதி வழியிலேயே அம்மையின் மடியில் அவள் உயிர் அடங்கிவிட்டது.

அப்பா அரளியை வேரோடு தோண்டி எறிந்தார். என்னை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. குற்றம் சாட்டாத அவைக்கு என்ன மறுமொழி சொல்வது?

அடுத்த மழைக்கு அம்மை மீண்டும் செடிகள் நட்டாள். வயிற்றில் இன்னொரு பிள்ளை இருந்தது. நடுவதற்கு முன் ஒவ்வொரு செடியிலும் ஓர் இலை கிள்ளி மென்றாள். செம்பருத்தியை மென்றாள், துளசியை மென்றாள், முருங்கைக் கம்பின் தளிரையும் மென்றாள். அது நாம் நாள்தோறும் உண்ணும் கீரை, அதில் தீங்கில்லை என்று நான் சான்றுகளோடு எடுத்துரைத்தேன். முழுதும் கேட்டாள். பிறகு இன்னோர் இலையைக் கிள்ளி வாயிலிட்டாள்.

அம்மைக்குச் செடிகளைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று அன்று நான் எண்ணிக்கொண்டேன்.