முதல் தண்ணீரைக் கொட்டும் வழக்கம்

பினாங்கில் நான் வேலை பார்க்கும் தேயிலைக் கடையில் முதல் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. கரியடுப்பில் வறுத்த சீனத்து ஊலாங் இலை கறுத்துச் சுருண்டிருக்கும். கைக்குள் அடங்கும் மண்கெண்டியில் அதைப் போட்டு, கொதிக்கக் கொதிக்க நீர் ஊற்றி, உடனே தட்டில் கவிழ்த்துவிடுவார்கள். அது இலையைக் கழுவும் நீர். வந்த புதிதில் முதலாளி, இங்கே தவுக்கே என்போம், ‘புவாங், புவாங்’ என்றார். மலாயில் ‘கொட்டு’ என்று பொருள். நான் நீரோடு இலையையும் குப்பையில் கொட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாம் நீர்தான் குடிப்பதற்கு. மூக்கில் புகை ஏறும், நாக்கு லேசாகக் கசக்கும், விழுங்கிய பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு நிற்கும். பால் டீயில் வளர்ந்த எனக்கு அது பிடிபட வெகுநாளானது.

சென்ற விடுமுறையில் எங்கள் ஊரான திருப்பாலைக்குடிக்கு அந்த இலையும் ஒரு மின்சாரக் கெட்டிலும் கொண்டுபோனேன். தங்கை சபுரா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நண்டு வியாபாரம் செய்யும் அவள் கணவன் காதர் அடித்ததில் உதடு கிழிந்து, கண் வீங்கி வந்திருந்தாள். அவளைக் கூட்டிப்போகக் காதரும் அவன் அண்ணனும் வந்தார்கள். சமாதானமாகப் பேசி அனுப்பிவிடலாம் என்றாள் அம்மா. பேச்சு முற்றாமல் இருக்கட்டும் என்று நான் அவர்கள் முன்னால் உட்கார்ந்து ஊலாங் போட்டேன். முதல் நீரைக் கவிழ்த்ததும் காதரின் முகம் மாறியது.

“என்ன மச்சான், எனக்கு ஊத்துறதக் கீழ ஊத்துறீக? வீடு தேடி வந்தவனக் கேவலப்படுத்துறீகளா?”

“இல்ல மச்சான், மொதத் தண்ணியக் குடிக்க மாட்டாக. அந்த ஊரு வழக்கம்.”

இரண்டாம் நீரைக் கொடுத்தேன். வாயில் வைத்துத் துப்பினான். “கரிக்கட்டைய ஊறப்போட்டுக் குடுக்குறாக” என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். கதவோரம் நின்ற சபுரா தன் கோப்பையைக் குடித்து முடித்து, “எனக்கு நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

எழுந்த வேகத்தில் காதர் அவள் வாயிலேயே குத்தினான். கோப்பை உடைந்தது, பல்லும் உடைந்தது. முடியைக் கையில் சுற்றி வாசலை நோக்கி இழுத்தான். நான் பாய்ந்தேன். அவன் அண்ணன் ஸ்டூலைத் தூக்கி என் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தரையில் கிடந்தபடி பார்த்தேன்: இழுபட்டுக்கொண்டே சபுராவின் கை துழாவிக் கெட்டிலைப் பிடித்தது. மிச்சமிருந்த கொதிநீரை அவன்மேல் வீசினாள். கழுத்தும் மார்பும் வெந்து அவன் அலறிய அலறல் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். அதற்குள் அம்மா அரிவாள்மனையோடு வந்து அண்ணன்காரனை மறித்தாள்.

“எம்புள்ளையத் தொட்ட, வெட்டிருவேன்லே!”

இரு தரப்பிலும் வழக்குப் பதிவானது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள் ஜமாத் பெரியவர்கள். சபுரா உடைந்த பல்லோடு பதில் சொன்னாள்: “வெந்நி ஊத்துனதுக்கு வேணும்னா ஜெயிலுக்குப் போறேன். அவன் வீட்டுக்குப் போக மாட்டேன்.”

தோளில் கட்டோடு பினாங்கு திரும்பினேன். “மோட்டார் சைக்கிளில் விழுந்தாயா?” என்றார் தவுக்கே. ஆமென்று தலையாட்டினேன். வீட்டில் ஊலாங் பிடித்ததா என்று கேட்டார். ‘சுகா’ என்றேன், பிடித்தது என்று. சந்தோஷத்தில் இன்னொரு பொட்டலத்தை என் கையில் திணித்தார்.

விசாரணைக்கு நான் சாட்சி. மறுபடி விடுமுறை கேட்டேன், கிடைக்கவில்லை. மீறிப் போனால் வேலை அனுமதி போய்விடும். சபுரா போனில் அழவில்லை. “நீ வராட்டி என்னண்ணே, நடந்தத நானே சொல்லிக்கிறேன்” என்றாள். கோர்ட்டில் சொல்லவும் செய்தாள், காதரின் முகத்தைப் பார்த்தபடியே. வழக்கு இன்னும் முடியவில்லை.

விசாரணை நாளன்று ராமநாதபுரம் கோர்ட்டு வராந்தாவில் என் பெயரையும் அத்தாவின் பெயரையும் சேர்த்து, இன்னார் மகன் இன்னார் என்று, மும்முறை கூவி அழைத்தார்களாம். ஏறக்குறைய அதே நேரத்தில், இங்கே கடையின் பின்கட்டிலிருந்து தவுக்கேயும் என்னைக் கூப்பிட்டார். “யா, தவுக்கே!” என்று உரக்கக் குரல் கொடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.