அடுத்த கட்டிலில் கேட்ட பேச்சு

என் வாயால் ஒரு நர்ஸுக்கு வேலை போயிற்று. பேசக் கூடாத நேரத்தில் பேசினேன். பேச வேண்டிய நேரத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். இந்த இரண்டில் எது பெரிய தவறு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

குடலிறக்க அறுவைக்காகத் திருவொற்றியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். பொது வார்டு, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை மட்டும். பக்கத்துக் கட்டிலில் துறைமுகத்து டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர். பித்தப்பையை எடுத்துவிட்டு, உள்ளே ஊறும் நீர் வெளியே வடிவதற்காக வயிற்றில் ஒரு குழாய் வைத்துத் தைத்திருந்தார்கள். கலகலப்பான மனிதர். நான் எண்ணூர் சாலையில் பல வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவன் என்று தெரிந்ததும், "உன்ன எத்தினி தபா இடிக்காம வுட்டுகிறேன் தெரியுமா நைனா? அதுக்கே நீ எனக்கு டீ வாங்கித் தரணும்" என்றார். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

அவருடைய மனைவி கொருக்குப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருந்தார். கடையை முடித்துவிட்டு, கையில் சட்னி வாசனையோடு வந்து சேருவார். கணவர் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்து குடியை விட்டுவிட்டதை வார்டு முழுக்கப் பெருமையாகச் சொல்வார். அவர் அப்படிச் சொல்லும்போது கணவர் சுவர்ப் பக்கம் பார்ப்பார்.

இரண்டு நாள் கழித்து அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. வேர்த்துக் கொட்டியது. சுவரில் எலி ஓடுகிறது என்றார். மறுநாள் விடிவதற்குள் அந்தக் குழாய் பிடுங்கப்பட்டு வெளியே கிடந்தது. பிடுங்கப்பட்டதா, தானே கழன்றதா என்பதுதான் பிறகு வந்த சண்டை. வயிறு உப்பிப்போய், மறுபடியும் அவரை அறுவைக்குக் கொண்டுபோனார்கள்.

ஓட்டுநரின் மைத்துனன், மனைவியின் தம்பி, இரவுப் பணியில் இருந்த நர்ஸைப் பிடித்துக்கொண்டான். "குழாய பாத்துக்கதான உன்ன வெச்சிகிறாங்கோ? தூங்கினு இருந்தியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். அதற்குப் பிறகு அவன் சொன்னவற்றை எழுத எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். டாக்டர் வந்து சொல்வார் என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

ஷிப்ட் மாறும்போது நர்ஸ்கள் கட்டில் கட்டிலாக நின்று, யாருக்கு என்ன நிலைமை என்று ஒருவருக்கொருவர் ஒப்படைப்பார்கள். தமிழில் ஆரம்பிப்பார்கள், நோயாளி கேட்கக் கூடாத இடம் வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். பச்சைத் திரையைவிட அந்த ஆங்கிலம்தான் அந்த வார்டில் நல்ல மறைப்பு. அன்று காலை, காலியாக இருந்த பக்கத்துக் கட்டிலை ஒட்டி மூன்று பேர் நின்றார்கள். நான் கண்களை மூடியிருந்தேன்.

மூத்தவர், அது குடி திடீரென்று நின்றதால் வந்த குழப்பம்தான், அவரேதான் பிடுங்கியிருப்பார் என்றார். இளையவள், குழாய்க்கு ஒரே ஒரு தையல்தான் போட்டிருந்தது, ஸ்டிரெச்சரிலிருந்து மாற்றும்போதே தளர்ந்திருக்கலாம் என்றாள். இரவு நர்ஸ், தான் பார்த்தபோது குழாய் அவர் கையில் இருந்தது, ஆனால் அதற்கு முன்பே கழன்றிருந்ததா என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றார். அப்படியானால் குடி விஷயத்தை வீட்டாரிடம் சொல்லிவிட்டால் உன்மேல் பழி வராதே என்று மூத்தவர் கடிந்துகொண்டார்.

அதற்கு இரவு நர்ஸ் தணிந்த குரலில் தமிழில் பதில் சொன்னார். "நடுக்கம் வந்தப்ப என்கிட்டதான் சொன்னாரு, மறுபடி குடிக்கிறேன்னு. டாக்டர் கிட்ட சொல்லிட்டேன், மருந்தும் ஆரம்பிச்சாச்சு. வீட்டுல நானே சொல்லிக்கிறேன் சிஸ்டர்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அவரு சொல்ற வரைக்கும் திட்டு வாங்கிக்கிறேன்க்கா."

அவர்கள் போன பிறகு, வார்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓட்டுநரின் மனைவி என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "நீ படிச்சவரு நைனா. இங்கிலீசுல இன்னா சொல்லிகினாங்கோ? உன் பேரு வராது, சொல்லு."

ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் நான் பிழைத்ததே அப்படித்தான். கப்பல்காரன் ஆங்கிலத்தில் சொல்வதைத் தொழிலாளிக்கும், தொழிலாளி சொல்வதைக் கப்பல்காரனுக்கும் சொல்வது. இரு பக்கமும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தச் சுகம், ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை. அந்த நர்ஸுக்கு நியாயம் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "அவர் மறுபடி குடிக்கிறார். அதனால்தான் குழாயைப் பிடுங்கிவிட்டார்" என்றேன். மூன்று பேரும் சொன்ன ‘இருக்கலாம்’ எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

அவர் அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். கணவரை வார்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து, அவர் தெளிவாகப் பேச ஆரம்பித்த அன்று, மகள் தலையில் வைத்த கை எது என்று மட்டும் கேட்டார். அவர் தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அன்று மாலையில், நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் புகாரை விசாரிக்க வந்தார். ஓட்டுநர், "சிஸ்டர்னு நம்பி ஒர்த்தர் கிட்டதான் சொன்னேன்" என்றார். இரவு நர்ஸை அழைத்துக் கேட்டார்கள். தான் சொல்லவில்லை என்றார். உங்களுக்கு யார் சொன்னது என்று மனைவியைக் கேட்டார்கள். அவர் ஒரு கணம் என் பக்கம் திரும்பினார். பிறகு, "யாரோ சொன்னாங்கோ" என்று தரையைப் பார்த்தார். எனக்குக் கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். நர்ஸ் ஓட்டுநருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார். நான் செய்தித்தாளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நோயாளியின் ரகசியத்தை வெளியே விட்டதற்காக அந்த நர்ஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக மறுநாள் இளையவள் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பல மாதம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தையல் ஆறட்டும், மழை விடட்டும் என்று. கடைசியில் மேட்ரனிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இத அன்னைக்குச் சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலை சார்" என்றார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஆனால் அந்தப் பெண் மேல் தவறில்லை என்று நிர்வாகத்துக்குச் சொல்வதாக ஏற்றுக்கொண்டார். சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

இளைய நர்ஸ் மூலம், வேலை போன நர்ஸிடம் சம்மதம் கேட்டு, அவர் இப்போது வேலை செய்யும் மணலி கிளினிக்குக்குப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம், முன்பைவிடக் குறைந்த வேலை. ஊசி போடும் அறையில் நின்றபடியே, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த டிரைவர் எப்படி இருக்காரு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கொருக்குப்பேட்டைக்குப் போனேன். மனைவி இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இளைத்துப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரிடம், சொன்னது நர்ஸ் அல்ல, நான்தான் என்றேன். கத்தி நின்றது.

"ஆஸ்பத்திரிலருந்து வூட்டுக்கு வந்தவுடனே நானே சொல்லலாம்னு இருந்தேன் நைனா" என்றார். "எப்டி ஆரம்பிக்கறதுன்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துகினே இருந்தேன். நீ முந்திகின."

மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அவரு வாயால கேட்டிருந்தா எனக்கும் வேற மாரி இருந்திருக்கும்" என்றார். பிறகு ஒரு தட்டில் இட்லி வைத்து நீட்டினார். மன்னிப்பா, கடைக்கு வந்தவனுக்குச் செய்கிற மரியாதையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

குடியை மறுபடி விட்டிருக்கிறார், கஷ்டமாக இருக்கிறது, சில நாள் தோற்றும் போகிறார் என்று அவரே சொன்னார். இதை அந்த நர்ஸிடம் சொல்லலாமா என்று கேட்டேன். என் வாழ்நாளில் ஒருவர் செய்தியை இன்னொருவரிடம் கொண்டுபோக நான் அனுமதி கேட்டது அதுதான் முதல் முறை.

"நீ ஒண்ணும் சொல்ல வாணாம். நம்பர மட்டும் குடு. தப்பா நெனச்சிட்டேன்னு நானே சொல்றேன்" என்றார் ஓட்டுநர்.

நம்பர் என் சட்டைப்பையில் இருந்த போனிலேயே இருந்தது. அவங்களைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி, வெளியே வந்து கூட்ஸ் ரயில் போகும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து நர்ஸைக் கூப்பிட்டேன். ஓட்டுநர் கேட்டதைச் சொன்னேன். "கொடுங்க ஐயா" என்றார் அவர்.

கொடுத்தேன். அவர்கள் பேசினார்களா, என்ன பேசினார்கள் என்று நான் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை.