கோபுர வாசல் காற்றும் சுற்றாத குமிழும்

சனிக்கிழமை, காலை 10.35. தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கினேன். மதுரையில் ஏறும்போது நல்ல வெயில். கடையநல்லூர் தாண்டியதும் ஜன்னல் கம்பியில் நீர்த்துளிகள் வரிசை கட்டின. என் பையில் இருந்தவை: பழைய ஃபிலிம் கேமரா ஒன்று, முப்பத்தாறு படம் எடுக்கக்கூடிய கருப்பு வெள்ளை ஃபிலிம் சுருள் ஒன்று, கோடு போட்ட நோட்டு, பென்சில் இரண்டு, நீண்ட குடை ஒன்று.

எங்கள் புகைப்படக் குழுவில் ஆண்டுக்கு ஒருமுறை ஆளுக்கொரு படம் சுவரில் மாட்டுவோம். போன ஆண்டுப் பொருள் 'கூட்டம்'. நான் மாட்டிய படத்தில் ஒருவர்கூட இல்லை. காட்சி சரியாக அமையும்வரை காத்திருந்தேன். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. இந்த ஆண்டுப் பொருள் 'மழையில் மனிதர்'. இந்த முறையும் தவறவிட்டால் அடுத்த ஆண்டு என்னை நாற்காலி எடுத்துப் போடும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அதற்காகத்தான் சாரல் காலத்தில் இங்கே வந்தேன்.

10.50. நிலைய வாசலில் இசக்கியின் ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொண்டேன். முப்பது வயதிருக்கும், எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காதவர். ஆட்டோவுக்குள் உட்கார்ந்தே ஃபிலிமைப் போட்டேன். அதற்கான ஏழு படிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் முடித்து டிக் போடுவது என் வழக்கம். பக்கவாட்டில் சாரல் அடித்ததால் கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி ரப்பர் பேண்டு போட்டேன். லென்ஸுக்கு ஒரு ஓட்டை, பின்னால் கண் வைக்க ஒன்று, வலப்பக்கப் பொத்தானுக்கும் எண் காட்டிக்கும் ஒன்று. நானே வெட்டித் தைத்தது.

"கேமராவுக்கே ரெயின்கோட்டா அண்ணாச்சி? நீங்க நனையிதியளே!" என்றார் இசக்கி.

11.20. காசி விசுவநாதர் கோயில் வாசல். மலைக் கணவாயிலிருந்து வரும் காற்று கோபுர வாசலில் நுழைபவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதுபோலத் தள்ளுகிறது. குடையோடு வருபவர் பாடு சொல்ல வேண்டாம். எதிரே பூ விற்கும் பேச்சியம்மாளின் தார்ப்பாய்க்குக் கீழே இடம் பிடித்தேன். ஒவ்வொரு படம் எடுத்ததும் மணி, வெளிச்சம், ஷட்டர் வேகம், காட்சி நான்கையும் நோட்டில் குறித்தேன்.

"படம் எடுக்கியளா, ரேஷன் கடைக் கணக்கு எழுதுதியளா?" என்றார் அந்த அம்மாள், கை நிறுத்தாமல் பூக்கட்டியபடி. பிறகு, "என்னையும் ஒண்ணு எடுங்க. ஆதார் கார்டுல இருக்க மூஞ்சியைப் பாத்து எம்மவளே சிரிக்கா" என்றார். எடுத்தேன், பிரதி அனுப்புவதாக வாக்கும் கொடுத்தேன். அது பதிமூன்றாவது படம்.

பதினான்காவதுதான் படம். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவரின் குடை வாசலில் பட்டென்று மேல்நோக்கி மடங்கியது. அவர் அசரவில்லை. தாம்பாளம் ஏந்துவதுபோல் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அதில் மழைநீர் தேங்க, நேராக உள்ளே போனார். நோட்டில் அந்த வரிக்கு இரண்டு கோடு போட்டேன்.

மாலை 3.10. குற்றாலம், ஐந்து கிலோமீட்டர். பேரருவியில் ஒரு மணி நேரம் குளித்துவிட்டு வந்த பருமனான மனிதர் ஒருவர், தூறலில் நனையக் கூடாதென்று குடையை விரித்துக்கொண்டு நடந்தார். இருபத்திரண்டாவது படம். பழக்கடையில் குவித்திருந்த ரம்புட்டான், நிறமில்லாத படத்தில் முள்ளெலிக் குட்டிகள்போல வரும் என்று கணித்தேன். இருபத்தேழு.

5.40. எண் காட்டியில் முப்பத்தாறு. ஆனால் அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்தும் லீவர் இன்னும் நகர்ந்தது. கவனமாக ஃபிலிம் போடுபவருக்கு ஒரு படம் கூடுதலாகக் கிடைப்பதுண்டு. மகிழ்ச்சியோடு முப்பத்தேழை எடுத்தேன். முப்பத்தெட்டும் கிடைத்தது. முப்பத்தொன்பதில் இசக்கி, "அண்ணாச்சி கேமரா அட்சய பாத்திரம்லா!" என்றார். நாற்பத்தொன்றோடு நிறுத்தி, ஆட்டோவை விடுதிக்குத் திருப்பச் சொன்னேன்.

6.15. தென்காசி விடுதி அறை. உறையைக் கழற்றி லீவரைத் தள்ளினேன். கேமராவின் இடப்பக்கம் ஒரு சிறு குமிழ் உண்டு. லீவரைத் தள்ளும்போது அது சுற்றினால்தான் உள்ளே ஃபிலிம் நகர்கிறது என்று பொருள். அது சுற்றவில்லை. பின்மூடியைத் திறந்தேன். ஃபிலிமின் நாக்கு சக்கரத்தில் மாட்டாமல், காலையில் வைத்த இடத்திலேயே கிடந்தது. நாள் முழுவதும் அதன்மேல் ஒரு சொட்டு மழை படாமல் காப்பாற்றியிருந்தேன்.

நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஏழாவது படி: 'இடக் குமிழ் சுற்றுகிறதா?' எதிரே டிக் இருந்தது. உறையை மாட்டிவிட்டால் அந்தக் குமிழ் தெரியாது. எனவே பார்த்ததாக வைத்துக்கொண்டு போட்டிருக்கிறேன்.

ஃபிலிமில் ஒரு படமும் இல்லை. நோட்டில் நாற்பத்தொன்றும் இருந்தன.

ஞாயிறு, காலை 7.00. வெயில். மேகம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. நண்பகல் ரயிலில் திரும்ப வேண்டும். மறுபடி ஆட்டோவோடு வந்த இசக்கியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஒண்ணுகூட இல்லியா?"

"எழுதினது இருக்கு."

"அப்பம் அதையே மாட்டிருங்க அண்ணாச்சி. விவரமாத்தான எழுதிருக்கிய!"

அதே ஃபிலிமை மறுபடி போட்டேன். குமிழ் சுற்றியதை நான் பார்த்தேன், இசக்கியும் பார்த்தார். கோபுர வாசலுக்குப் போனதும் பேச்சியம்மாளிடம் விஷயத்தை அவரே உடைத்துவிட்டார். அந்த அம்மாள் பக்கத்துத் தேங்காய்க்கடைக்கும் அதற்கடுத்த கடைக்கும் சொன்னார். 10.30 வரை ஐந்து படம் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூன்று கடைகளிலிருந்து, "சுத்துதா?" என்று குரல் வந்தது. உறை போட அவசியமில்லை, மழையே இல்லையே. யாருக்கும் தெரியாமல் எடுப்பதுதான் தெருப் படத்துக்கு அழகு என்று குழுவில் நான் அரைமணி நேரம் பேசியிருக்கிறேன்.

11.05. வெயிலோடு வெயிலாகச் சாரல் விழுந்தது. ஆனால் கோயிலுக்கு வந்த ஒருவர் கையிலும் குடை இல்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். என் தவிப்பைப் பார்த்துப் பேச்சியம்மாள், "உங்க குடையைக் குடுங்க, நான் போறேன்" என்று எழுந்தார். பூப்பந்து இடக்கையில், குடை வலக்கையில். வாசல்வரை போனார், திரும்பினார். குடை மடங்கவில்லை. மூன்று முறை போனார். காற்று திரும்பும் பக்கமெல்லாம் அவர் மணிக்கட்டு தானாகச் சாய்ந்தது.

"கொஞ்சம் நேராப் பிடிங்கம்மா."

"பதினெட்டு வருசமா இந்தக் காத்தோட கெடக்கேன். எனக்கு மடங்காது அண்ணாச்சி."

"யக்கா, இங்கன கொண்டாங்க" என்று இசக்கி வாங்கினார். குடையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக் காளையை இழுப்பவர்போல நடந்தார். வாசலை எட்டியதும் குடை மடங்கவில்லை. கையிலிருந்து மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு பறந்து, அவருடைய ஆட்டோவின் கூரைமேல் போய் உட்கார்ந்தது.

"ஏலே, குடை சவாரிக்கு ஏறிட்டு! ஓடுலே!" என்று கத்திய பேச்சியம்மாள், பூப்பந்தை மார்போடு பிடித்துக்கொண்டு, அண்ணாந்து சிரித்தார். நான் எதையும் கணக்கிடவில்லை. அழுத்தினேன்.

குடையைப் பிடிக்க ஓடிய இசக்கி பாதியில் நின்று திரும்பினார். "அண்ணாச்சி, சுத்துச்சா?"

லீவரைத் தள்ளினேன். "சுத்துச்சு!"

தேங்காய்க்கடையில் யாரோ கைதட்டினார்கள்.

ரயிலில் நோட்டைத் திறந்தேன். படம் ஆறு. மணி: 11.22. வெளிச்சம்: தெரியாது. வேகம்: தெரியாது. நான்காவது கட்டத்தில் எழுதிய 'குடை' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'பேச்சியம்மாள்' என்று எழுதினேன்.

மதுரையில் படம் நன்றாகவே வந்தது. அதில் குடை இல்லை, கோபுரம் இல்லை. "மழை எங்கே?" என்றார் குழுத் தலைவர். பூவிலும் பேச்சியம்மாளின் புருவத்திலும் நிற்கும் துளிகளைக் காட்டினேன். தலைவர் குனிந்து பார்த்தார். நிமிரும்போது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் மழை வந்தால் ஜன்னலைச் சாத்துகிறோம். இப்போதெல்லாம் நான் கொஞ்சம் தாமதித்துச் சாத்துகிறேன்.

பேச்சியம்மாளுக்கான பிரதியை இசக்கி முகவரிக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் போன் வந்தது.

"யக்கா கடையிலயே மாட்டிட்டாவ அண்ணாச்சி. சாரல் படக்கூடாதுன்னு பிளாஸ்டிக் கவரு போட்டு, ரப்பர் பேண்டும் போட்டிருக்கு."

"முகம் தெரியுதா இசக்கி?"

"தெரியாம என்ன? உங்க கேமராவுக்குப் போட்டாப்புல, மூஞ்சிக்கு நேரா ஒரு ஓட்டை போட்டிருக்கு."