ஹெட்போனுக்கு வைத்த சந்தனப் பொட்டு

நம் பிள்ளைகளுக்குப் பக்தி கொஞ்சம் தாராளம். புத்தகத்துக்குச் சந்தனம் வைத்தார்கள், சரி. கரும்பலகைக்கு வைத்தார்கள், அதுவும் சரி. ஹெட்போனுக்குமா?

சென்ற மாதம் கலைமகள் விழாவில் அதுதான் நடந்தது. கிள்ளானில் நான் வேலை பார்க்கும் தமிழ்ப்பள்ளியைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நிறையப் புலம்பியிருக்கிறேன். இன்றைக்குப் புலம்பல் இல்லை. நன்றி சொல்லப் போகிறேன்!

முதலில் ஹெட்போன் வந்த கதை. ஆங்கிலத்தைக் காதால் கேட்காமல் பிள்ளைகள் எப்படிப் பேசும்? கேசட் போட்டுக் காட்டலாம் என்றால், பக்கத்து வகுப்பு வாய்ப்பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. தலைமையாசிரியரிடம் ஹெட்போன் கேட்டேன். “கூரையே ஒழுகுது டீச்சர்... இதுல காதுக்கு நகை கேக்குறீங்களே!” என்றார்.

சுங்கை வே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு பஸ் ஏறிப் போகும் அம்மாக்கள்தான் கைகொடுத்தார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மலிவாகத் தள்ளிவிடும் ரிஜெக்ட் சரக்கில் பத்து ஹெட்போன்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஒருவர், ஒரே கேசட் பிளேயரில் பத்தையும் செருகுகிற மாதிரி ஒரு பெட்டி செய்து கொடுத்தார். மேலே கீறல் இருந்தால் என்ன, உள்ளே சத்தம் வந்தால் போதாதா?

முறை வைத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் தலையில் தேங்காய் எண்ணெய் வழியாத நாள் உண்டா? ஒரே மாதத்தில் காதுப் பஞ்செல்லாம் ஊறிப் பிய்ந்துவிட்டது. பேன் வேறு! “எங்க வீட்ல யாருக்கும் பேன் கிடையாது டீச்சர், ஸ்கூல்லதான் ஏறிருக்கு” என்று ஓர் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். பிறகு அவரேதான் பழைய வேட்டியைக் கிழித்து எல்லாவற்றுக்கும் துணி உறை தைத்துக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

விழாவன்று அந்த உறைகள் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. பெரிய வகுப்பு மாணவிகள் வெறும் ஹெட்போன்களைக் கலைமகள் படத்தின் முன்னால் அடுக்கி, கரைத்த சந்தனத்தை அப்பு அப்பென்று அப்பிவிட்டார்கள். மறுநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒன்றில் மட்டும் சந்தனம் ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, இடது பக்கம் ஊமையாகிவிட்டது.

அதைத் தொட ஆளில்லை. “டீச்சர், இதுல ஒரு பக்கம்தான் கேக்குது லா!” என்று ஆளாளுக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஈஸ்வரி மட்டும் எடுத்துக்கொண்டாள்.

நான்காம் ஆண்டுப் பிள்ளை. வலது பக்கச் சன்னலோரம் உட்காருவாள். கூப்பிட்டால் பல நேரம் திரும்ப மாட்டாள். கேள்வி கேட்டால் விழிப்பாள். ‘மண்டு’ என்று வகுப்பே பெயர் வைத்துவிட்டது. அடுத்த ஆண்டு அவளை, படிப்பு வராதவர்களை ஒதுக்கிவைக்கும் கடைசி வகுப்பில் போடுவதென்று தலைமையாசிரியர் முடிவு செய்திருந்தார். லோரி ஓட்டும் அவள் அப்பாவும் சரியென்று தலையாட்டிவிட்டார். அந்த வகுப்புக்குப் போன பிள்ளைகளை அதற்குப் பிறகு யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

ஆனால் கேசட் பாடத்தில் மட்டும் ஈஸ்வரி பொளந்துகட்டினாள்! அன்றைக்கு நான் கேட்ட கேள்வி அத்தனைக்கும் பதில் சொன்னாள். அதுவும் அந்தப் பாதி ஊமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு...

“உனக்கு நல்லதா வேற ஒன்னு தரட்டுமா?”

“இது நல்லாத்தான் இருக்கு டீச்சர்.”

“ஒரு பக்கம் கேக்கல இல்ல?”

“எல்லாம் அப்படித்தானே டீச்சர் இருக்கும்?”

எனக்குச் சுருக்கென்றது. கேசட்டை நிறுத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பி அவள் தலையில் மாட்டினேன். இப்போது சத்தம் வரும் பக்கம் அவளது இடது காதில்.

ஈஸ்வரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஆஃப் பண்ணிட்டீங்களா டீச்சர்?”

மற்ற பிள்ளைகள் கேசட்டோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் அப்பாவை வரச் சொன்னேன். நம்பவில்லை அவர். “என்ன டீச்சர் நீங்க... வீட்ல பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டா, திமிருன்னு நானே ரெண்டு போட்டிருக்கேன். ஆனா லோரில ஏறிட்டா வாய் ஓயாதே! நான் என்ன கேட்டாலும் டக்கு டக்குன்னு பதில் வருமே!”

“லோரில நீங்க அவளுக்கு எந்தப் பக்கம் இருப்பீங்க?”

மனிதர் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்துப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் திரும்பி, அங்கே மகள் உட்கார்ந்திருக்கிற மாதிரி பார்த்தார். “வலது பக்கம்...” என்றார். கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அரசாங்க மருத்துவமனையில் பார்த்தார்கள். சின்ன வயதில் சீழ் பிடித்து, கவனிக்காமல் விட்ட இடது காது. மருந்து கொடுத்திருக்கிறார்கள், எவ்வளவு தேறும் என்று போகப் போகத்தான் தெரியும். வலது காது பழுதில்லை. தலைமையாசிரியர் மறுபேச்சில்லாமல் கடைசி வகுப்பு முடிவை மாற்றினார். ஈஸ்வரி இப்போது முன் வரிசையில், இடது ஓரத்தில் உட்காருகிறாள். நான் பேசுவதெல்லாம் நேராக அவளது வலது காதுக்குப் போகிறது. இந்த வாரம் மட்டும் மூன்று முறை கை தூக்கினாள். ஒரு முறை என் தவற்றைத் திருத்துவதற்கு!

காது கேட்கிறதா என்று பார்க்காமலே நாம் எத்தனை பிள்ளைகளுக்கு மண்டு என்று பெயர் வைத்திருப்போம்? நினைத்தால் பயமாக இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: ரிஜெக்ட் சரக்கைச் சுமந்து வந்த அம்மாக்களுக்கு நன்றி. வேட்டி கிழித்தவருக்கு நன்றி. கையில் காசில்லாததற்கும் ஒரு நன்றி. இருந்திருந்தால் கெட்டுப்போன ஹெட்போனை அன்றைக்கே குப்பையில் போட்டிருப்பேன்.

நேற்று பள்ளி விட்டதும் ஈஸ்வரியின் அப்பா வந்திருந்தார். வாசலில் நின்றபடியே கூப்பிடுகிறவர், இப்போது உள்ளே வந்து, அவளைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், குனிந்து காதோடு வாய் வைத்து, “ஈஸ்வரீ! போலாமா!” என்று பள்ளியே அதிரக் கத்தினார்.

“ஐயோ அப்பா, ஏன் இப்படிக் கத்துறீங்க?” என்றாள் அவள். “எனக்குத்தான் காது கேக்குது லா!”